ஏஜெண்ட் கேட்காமல் விட்ட கேள்வி

தைப்பூசத்துக்கு மறுநாள் காலை மலேசியாவின் பினாங்கில், பிறையில் உள்ள எங்கள் தொழிற்சாலையில் பாதிப் பேர் தூக்கக் கலக்கத்தில்தான் இருந்தார்கள். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய்விட்டு விடியற்காலையில் வீடு திரும்பியவர்கள். பத்து மணி வாக்கில் லோரி ஓட்டும் அண்ணன் சரக்கு ஏற்றும் இடத்தில் ஒரு மரப்பலகை மேல் உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார். "காஸ் மாதிரி இருக்கும்மா, நேத்து தண்ணீர்ப்பந்தல்ல சாப்பிட்டது ஒத்துக்கல" என்றார். ஐந்து நிமிடத்தில் சட்டை முழுக்க வியர்வை. சூப்பர்வைசரின் காரில் ஏற்றிப் பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். மாரடைப்பு என்றார்கள், உடனே ஸ்டெண்ட் வைக்க வேண்டும் என்றார்கள். அது 2025 பிப்ரவரி 12. நான் அவருடைய மெடிக்கல் கார்டை கவுண்டரில் நீட்டிவிட்டு, இனிமேல் காப்புறுதிக் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று நிம்மதியாக உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார்கள். ஜிஎல் கிடைக்கவில்லையாம். ஜிஎல் என்பது காப்புறுதிக் கம்பெனி ஆஸ்பத்திரிக்குத் தரும் உத்தரவாதக் கடிதம். அது வந்தால் நாம் கையிலிருந்து பணம் கட்ட வேண்டியதில்லை. வரவில்லை என்றால் டெபாசிட். கவுண்டர் பெண் ஒரு காகிதத்தில் 15,000 வெள்ளி (ரிங்கிட்) என்று எழுதி என் பக்கம் தள்ளினாள்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனி, மொத்தம் 41 பேர். கணக்கு, சம்பளம், எச்ஆர் எல்லாம் என் ஒருத்தி தலையில். எச்ஆர் படித்தவள் இல்லை; கெராணியாக (குமாஸ்தாவாக) சேர்ந்து, ஒவ்வொரு வேலையாக என் மேசைக்கு வந்து சேர்ந்தது. எங்களைப் போன்ற சின்னக் கம்பெனிகள் பெரும்பாலானவற்றில் இதுதான் நிலைமை என்று நினைக்கிறேன். இபிஎஃப் (ஊழியர் சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) எல்லாம் மாதாமாதம் கட்டுவது பழகிவிட்டது, தப்பு வராது. ஊழியர்கள் எல்லாருக்கும் சேர்த்துக் கம்பெனி எடுக்கும் குரூப் காப்புறுதி மட்டும் வருடத்துக்கு ஒரு முறை வரும் விஷயம். யாராவது வந்து பேசுவார்கள், கையெழுத்துப் போடுவோம், கார்டு வரும், பிரித்துக் கொடுப்போம். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று நான் ஒரு முறைகூடப் படித்ததில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது.

சரி, நவம்பர் 2024க்குப் போகலாம். 2017இலிருந்து ஒரே காப்புறுதிக் கம்பெனியில் இருந்தோம். அந்த வருடம் வரியோடு சேர்த்து 46,800 வெள்ளி கட்டியிருந்தோம். அடுத்த வருடத்துக்கு 58,500 கேட்டார்கள். இருபத்தைந்து சதவீதம் ஏற்றம். பாஸ் கொதித்துப் போனார். அந்த நேரம் பார்த்து அவருடைய நண்பரின் உறவுக்காரப் பையன் ஒருவன் வந்தான். கார்டில் 'ஊழியர் நலன் கன்சல்டண்ட்' என்று இருந்தது. நல்ல பேச்சு, மரியாதையான பையன். வேறொரு கம்பெனியில் 44,000 வெள்ளிக்கு அதே கவரேஜ் வாங்கித் தருவதாகச் சொன்னான். ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டுக் காட்டினான்: அறை வாடகை அதே 200, வருட உச்சவரம்பு அதே ஒரு லட்சம், உயிர்க் காப்புறுதி அதே தொகை. "எல்லாம் அப்படியேதான்க்கா, கம்பெனி பேர் மட்டும்தான் மாறுது" என்றான். 14,500 வெள்ளி மிச்சம் என்று பாஸுக்கு வாயெல்லாம் பல். நானும் சந்தோஷப்பட்டேன், அந்த வருடம் போனஸில் கை வைக்க மாட்டார் என்று.

பில் வந்தபோதுதான் அந்த 44,000 வரி சேர்க்காத கணக்கு என்று தெரிந்தது. கம்பெனி எடுக்கும் குரூப் பாலிசிக்கு 8 சதவீதம் சேவை வரி உண்டு. ஆக 47,520. வரி சேர்த்த பழைய விலையோடு வரி சேர்க்காத புதிய விலையை வைத்துக் காட்டியிருக்கிறான். உண்மையான மிச்சம் 10,980தான். அப்போதே எனக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும். தெரியாமல் செய்திருப்பான் என்று விட்டுவிட்டேன். ஒரு ஆள் விலையை ஒழுங்காக ஒப்பிட்டுக் காட்டவில்லை என்றால், கண்ணுக்குத் தெரியாத மற்றதை எப்படி ஒப்பிட்டிருப்பான்? இந்தக் கேள்வி எனக்கு மூன்று மாதம் தாமதமாக, ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது வந்தது.

ஜிஎல் ஏன் மறுக்கப்பட்டது? அண்ணனுக்கு 2022இலேயே இரத்த அழுத்தமும் இருதயத்தில் லேசான அடைப்பும் இருப்பதாகக் கண்டுபிடித்திருந்தார்கள். பழைய கம்பெனி அப்போது செலவை ஏற்றுக்கொண்டது. புதிய பாலிசியிலோ, சேர்வதற்கு முன்பே இருந்த நோய்க்கு முதல் பன்னிரண்டு மாதம் கவரேஜ் கிடையாது. அவர்கள் கண்ணுக்கு நாங்கள் 41 பேரும் 2025 ஜனவரி 1ஆம் தேதி பிறந்தவர்கள். எட்டு வருடம் தொடர்ச்சியாகக் காப்புறுதியில் இருந்ததெல்லாம் கணக்கில் இல்லை. கம்பெனி மாறும்போது, 'இவர்கள் ஏற்கெனவே காப்புறுதியில் இருந்தவர்கள், காத்திருப்புக் காலத்தைத் தள்ளுபடி செய்து அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள்' என்று கேட்டு எழுத்தில் வாங்கலாமாம். கேட்டால் எல்லாக் கம்பெனியும் கொடுத்துவிடும் என்றில்லை. ஆனால் கேட்க வேண்டும். எங்கள் பையன் கேட்கவே இல்லை. எங்களிடமும், 'உங்கள் ஆட்களில் யாருக்காவது உடம்பு சரியில்லையா' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்று மதியம் அவனுக்கு எத்தனை முறை போன் அடித்தேன் என்று எண்ணவில்லை. சாயங்காலம் வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தது: 'கவலைப்படாதீங்கக்கா, பே அண்ட் கிளெய்ம் பண்ணலாம்.' அதாவது முதலில் நாம் கட்டிவிட்டுப் பிறகு திரும்ப வாங்குவதாம். கவரேஜே இல்லாத நோய்க்கு எங்கிருந்து திரும்ப வாங்குவது? ஒரு மாதம் அதை நம்பி பாரங்களை நிரப்பிக்கொண்டிருந்தேன். டாக்டர் அறிக்கை, பழைய அறிக்கை, ரசீது, அதன் நகல், நகலுக்கு முத்திரை. மார்ச் கடைசியில் மறுப்புக் கடிதம் வந்தது. மொத்த பில் 36,870 வெள்ளி. பாஸ் 22,000 கட்டினார். சட்டப்படி அவர் கட்ட வேண்டியதில்லை, கட்டினார். அதைச் சொல்லத்தான் வேண்டும். அண்ணன் இபிஎஃப்பிலிருந்து 6,000 எடுத்தார். மீதி 8,870க்கு அவர் மனைவி நகையை அடகு வைத்தார். அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்தக்கா என்னைப் பார்த்து, "நீங்கதானேம்மா கார்டு கொடுத்தீங்க" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

புகார் கொடுக்கலாமா என்றும் பார்த்தேன். 2025 ஜனவரியிலிருந்து நிதிச் சந்தைக் குறைதீர்ப்பு அமைப்பு, எஃப்எம்ஓஎஸ் என்கிறார்கள், இயங்குகிறது. காப்புறுதிக் கம்பெனியின் இறுதிக் கடிதம் வந்து ஆறு மாதத்துக்குள் அங்கே போக வேண்டும். ஆனால் பாலிசியில் கறுப்பு வெள்ளையாக எழுதியிருக்கிறது, நாங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். காப்புறுதிக் கம்பெனி தப்புச் செய்யவில்லை. தப்பு செய்தது எங்கள் ஏஜெண்ட் பையன். அவன் சொன்ன 'எல்லாம் அப்படியேதான்' வாய் வார்த்தை. வாட்ஸ்அப்பில் தேடினேன், எல்லாம் வாய்ஸ் கால். இன்றைக்கு யார் என்ன சொன்னாலும், "அதையே ஒரு இமெயிலா அனுப்பிடுங்க தம்பி" என்கிறேன். நிஜமாக இருந்தால் அனுப்புவார்கள். இல்லையென்றால் மழுப்புவார்கள்.

வேலையிடத்தில் நடந்ததால் சொக்சோ தரும் என்றும் கொஞ்ச நாள் நம்பிக்கொண்டிருந்தேன். அதுவும் என் அறியாமை. வேலை தொடர்பான விபத்தும், வேலையால் வரும் நோயும்தான் அந்தத் திட்டத்தில் வரும். வேலை நேரத்தில் மாரடைப்பு வந்தது என்பது மட்டும் போதாது, வேலைதான் காரணம் என்று காட்ட வேண்டும். நிரந்தரமாக வேலை செய்ய முடியாமல் போனால் அதற்குத் தனித் திட்டம் உண்டு, அதற்கு மருத்துவக் குழு சான்று தர வேண்டும். அண்ணனுக்கு அந்த அளவு இல்லை, கும்பிடு போட வேண்டியதுதான். ஆஸ்பத்திரி விடுப்பு விஷயத்திலும் குழம்பினேன். 2023 ஜனவரியில் வேலைச் சட்டத் திருத்தம் அமலுக்கு வந்த பிறகு, ஆஸ்பத்திரியில் இருந்தால் கிடைக்கும் 60 நாள் விடுப்பு சாதாரண மருத்துவ விடுப்போடு சேர்த்து எண்ணப்படுவதில்லை, தனி. நான் பழைய கணக்குப்படி கழித்துவிட்டேன். அதைக் கண்டுபிடித்துத் திருத்தியது பிறகு வந்த கன்சல்டண்ட் அக்காதான். காப்புறுதி விற்பவருக்கு இது எதற்கு என்று நினைக்கலாம். சட்டம் ஏற்கெனவே என்ன தருகிறது என்று தெரிந்தால்தானே மேலே என்ன வாங்க வேண்டும் என்று சொல்ல முடியும்.

அந்த அக்காவிடம் வந்து சேர்வதற்கு முன் இரண்டு பேரைப் பார்த்தேன். முதலாமவர் கோலாலம்பூரிலிருந்து வந்தார், கோட்டு சூட்டு, நாற்பது பக்க ஸ்லைடு. ஊழியர் மகிழ்ச்சி, வெல்னஸ் ஆப், வெள்ளிக்கிழமை யோகா. எங்கள் ஆட்களை அவர் ஒருமுறை கீழே வந்து பார்த்திருந்தால் யோகாவைச் சொல்லியிருக்க மாட்டார். இரண்டாமவரின் முதல் கேள்வி, "பட்ஜெட் எவ்வளவு?" நான் தொகையைச் சொன்னதும் அதற்குச் சரியாக இருபது வெள்ளி குறைவாக ஒரு கொட்டேஷன் வந்தது.

மூன்றாமவர்தான் அந்த அக்கா, பினாங்குத் தீவிலிருந்து பாலம் கடந்து வந்தார். ஐம்பது வயதிருக்கும், கையில் ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம். காப்பி கொடுத்தேன். இரண்டு மடக்குக் குடித்துவிட்டு, "உங்க ஆளுங்கள்ல தினம் மருந்து சாப்பிடுறவங்க எத்தனை பேர்? பேர் சொல்ல வேணாம், எண்ணிக்கை போதும்" என்றார். பேர் ஏன் வேண்டாம் என்றேன். உடல்நிலை விவரம் தனிநபர் தரவுச் சட்டத்தில் கூடுதல் பாதுகாப்பு உள்ள விஷயம், அவர்கள் சம்மதமில்லாமல் நீங்கள் என்னிடம் சொல்லக் கூடாது, நானும் கேட்கக் கூடாது என்றார். அப்புறம் வயதுப் பட்டியல் கேட்டார். யாராவது கர்ப்பமாக இருக்கிறார்களா, இப்போது நீண்ட விடுப்பில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். பாலிசி தொடங்கும் நாளில் வேலையில் இல்லாதவருக்கு, திரும்பி வரும் வரை கவரேஜ் தொடங்காது என்று பல குரூப் பாலிசிகளில் ஒரு விதி இருக்கிறதாம். முக்கால் மணி நேரம் கேள்விதான். விலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அந்த முதல் கேள்வியைக் கேட்டபோதே தொண்டை அடைத்துக்கொண்டது. இந்த ஒரு கேள்வியை நவம்பரில் அந்தப் பையன் கேட்டிருந்தால் போதும்.

அவர் அடுத்துக் கேட்டது பழைய காப்புறுதிக் கம்பெனியின் கிளெய்ம் அறிக்கை, அதாவது எங்கள் ஆட்களுக்காக அவர்கள் கொடுத்த பணத்தின் கணக்கு. அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. கேட்டு வாங்கினோம். 2024இல் 46,800 பிரீமியத்துக்கு 39,000 வெள்ளி கிளெய்ம் போயிருந்தது, அதாவது நூற்றுக்கு எண்பத்து மூன்று. அதனால்தான் 25 சதவீதம் ஏற்றினார்கள். அக்கா பேனாவால் ஒரு வரியை வட்டம் போட்டார். 17,000 வெள்ளி ஒரே ஆளுக்கு, ஃபுட்சால் விளையாடி முழங்கால் தசைநார் அறுந்த பையனின் ஆபரேஷன். "இது திரும்ப வராத செலவு. இதைக் காட்டி அப்பவே பேரம் பேசியிருக்கணும். முழுசா இறக்கியிருக்க மாட்டாங்க, ஆனா இருபத்தஞ்சு இருந்திருக்காது" என்றார். ஆக நாங்கள் கம்பெனியே மாறியிருக்க வேண்டியதில்லை. அந்த அறிக்கையை அன்றிரவு வீட்டில் வைத்து இன்னொரு முறை படித்தேன். ஒரு பக்கம்தான். ஒரு பக்கம் படிக்காததற்கு 22,000 வெள்ளி.

நான் அவரிடம் நேரடியாகக் கேட்டேன், உங்களுக்குச் சம்பளம் யார் தருகிறார்கள் என்று. அவர் புரோக்கர் நிறுவனத்தில் வேலை செய்பவர். ஏஜெண்ட் என்பவர் காப்புறுதிக் கம்பெனியின் ஆள். ஒன்றிரண்டு கம்பெனிகளின் சரக்கைத்தான் விற்க முடியும். புரோக்கர் வாடிக்கையாளரின் ஆள். 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டத்தின் கீழ் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் அங்கீகாரம் வேண்டும், அந்தப் பட்டியலை பேங்க் நெகாராவின் இணையத்தளத்தில் நாமே பார்க்கலாம். கார்டில் கன்சல்டண்ட் என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்காமல் அந்தப் பட்டியலைப் பாருங்கள் என்று சொன்னதும் அவரே. ஆனாலும் புரோக்கருக்கும் கமிஷன் காப்புறுதிக் கம்பெனியிடமிருந்துதான் வருகிறது. அதை மறைக்காமல், எத்தனை சதவீதம், எங்கள் பிரீமியத்தில் அது எவ்வளவு வெள்ளி என்று எழுதிக் காட்டினார். நல்ல ஏஜெண்டுகளும் இருக்கிறார்கள், என் மாமா மகனே ஒருவன். எந்தப் பக்கத்து ஆள் என்று தெரிந்துகொண்டு பேச வேண்டும், அவ்வளவுதான்.

அக்காவை எங்கள் புரோக்கராக நியமிக்கும் கடிதத்தில் கையெழுத்துப் போட பாஸுக்குத் தயக்கம். மூன்று பேரிடமும் விலை வாங்கிப் பார்க்கலாமே என்றார். அப்படிச் செய்தால் மூன்று பேரும் ஒரே கம்பெனியின் வாசலில் போய் நிற்பார்கள், முதலில் போனவருக்குத்தான் பெரும்பாலும் விலை கிடைக்கும், நமக்காக யாரும் முழு மனதோடு பேரம் பேச மாட்டார்கள் என்று விளக்கினார் அக்கா. ஜூலையில் கையெழுத்தானது. முதல் வேலையாக உறுப்பினர் பட்டியலைச் சரிபார்த்தார். வேலையை விட்டுப் போன மூன்று பேருக்கு இன்னும் பிரீமியம் ஓடிக்கொண்டிருந்தது. புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் பட்டியலிலேயே இல்லை. இது முழுக்க என் தவறு, யாரையும் குறை சொல்ல முடியாது. இப்போது ஒவ்வொரு மாதமும் சம்பளப் பட்டியல் முடித்த அன்றே அதையும் அனுப்புகிறேன். எங்கள் நேபாளத் தொழிலாளர்கள் ஒன்பது பேருக்கு, வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான கட்டாய ஆஸ்பத்திரிக் காப்புறுதி தனியாக இருப்பதையும், குரூப்பிலும் அவர்கள் இருப்பதையும் காட்டி, இரண்டும் வேண்டுமா என்று தெரிந்தே முடிவு செய்யுங்கள் என்றார். பாஸ் இரண்டும் இருக்கட்டும் என்றார்.

இனி நான் எதிர்பார்க்காத ஒன்று. கோபத்தில் இருந்த நாங்கள், அந்தக் காப்புறுதிக் கம்பெனியே வேண்டாம், 2026க்கு வேறு இடம் பாருங்கள் என்றோம். அக்கா வேண்டாம் என்றார். மாறினால் இன்னொரு பன்னிரண்டு மாதம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும் அபாயம் இருக்கிறது. இங்கேயே இருந்தால் ஜனவரியோடு காத்திருப்பு முடிந்து அண்ணனின் இருதயமும் கவரேஜுக்குள் வந்துவிடும். மாறினால் அவருக்குப் புது வியாபாரம், மாறாவிட்டால் வேலை குறைவு, பெயரும் வராது. இருந்தும் மாறாதீர்கள் என்றார். விற்க வந்தவர் வாங்காதே என்று சொன்னதை நான் அன்றுதான் பார்த்தேன். செப்டம்பரிலேயே, மூன்று மாதத்துக்கு மேல் நேரம் வைத்து, கிளெய்ம் அறிக்கையோடு போய்ப் பேசினார். 2025இல் எங்கள் கிளெய்ம் மிகக் குறைவு, அதனால் விலை லேசாகத்தான் ஏறியது: வரியோடு 49,300. ஏன் குறைவு? அண்ணனின் பில்லை மறுத்துவிட்டார்களே, அதனால். இதைச் சொல்லி அவரே ஒரு மாதிரிச் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காத்திருப்பு முடிந்தது, இனி முன்பே இருந்த நோய்க்கும் கவரேஜ் உண்டு என்பதை எண்டார்ஸ்மெண்டாக, அதாவது பாலிசியோடு சேரும் எழுத்துக் குறிப்பாக, எழுதி வாங்கினார். புதிய கார்டு கொடுக்கும்போது தமிழிலும் மலாயிலும் ஒரு பக்கத்தில், எந்த ஆஸ்பத்திரிக்குப் போகலாம், 200க்கு மேல் வாடகை உள்ள அறை எடுத்தால் வித்தியாசத்தோடு பில்லிலும் ஒரு பங்கு கையிலிருந்து போகும், அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது என்று எழுதச் சொன்னார். அதைக் கேண்டீன் சுவரில் நான் ஒட்டினேன். சாப்பிட வரும்போது நின்று படிக்கிறார்கள்.

அண்ணன் இப்போது லோரி ஓட்டுவதில்லை, டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார். ஸ்டோரில் உட்கார்ந்து சரக்கு எண்ணுகிறார், ஓவர்டைம் இல்லாததால் வருமானம் குறைந்துவிட்டது. அடகு வைத்த நகையில் சங்கிலியை மீட்டுவிட்டார்கள். வளையல் ஒரு ஜோடி பட்டர்வொர்த் அடகுக்கடையில் இன்னும் இருக்கிறது. தவணை தேதி வந்தால் அண்ணன் என்னிடம்தான் கேட்பார், "இன்னைக்கு ஒரு மணி நேரம் முன்னால போகலாமாம்மா?" நான் விடுப்புப் பாரம்கூட நிரப்பச் சொல்வதில்லை.